தோட்டக்கலை பயில எந்தக் கல்லூரி?

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த தம்பியோ தங்கையோ தோட்டக்கலை பயில விரும்பினால், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று முதலில் நம்மிடந்தான் கேட்பர். கட்டணம், விடுதி, பேருந்து வசதி ஆகியவற்றைக் கொண்டே நாம் விடை கூறிவிடுகிறோம். அது போதாது. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, தோட்டக்கலைக்கு நிலம் அப்படி. ஆகவே கட்டடத்தைக் காணுமுன் தோட்டத்தைக் காண வேண்டும்.

மண்ணும் மலையும்

பழம், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர், மூலிகை எனப் பரந்து கிடப்பது இக்கலை. எல்லாப் பயிரும் எல்லா மண்ணிலும் வளர்வதில்லை. எனவே கல்லூரி அமைந்துள்ள இடமே ஓர் ஆசிரியர் ஆகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் கோவையில் தோன்றியது. அதன் தோட்டக்கலைக் கல்லூரி மறு ஆண்டிலேயே அங்கு அமைந்தது. உண்பதற்கும், பப்பெயின் எடுப்பதற்கும் பயன்படும் கோ.2 பப்பாளி கோவை தந்ததே.

1990இல் தொடங்கிய பெரியகுளம் கல்லூரியோ கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ளது. கீழே மாவும் தென்னையும். இடைமலையில் காப்பியும் மிளகும். உச்சியில் பேரியும் பிளம்சும். ஒரே நாள் பயணத்தில் மூன்று தட்பவெப்பங்களை மாணவர் காணலாம். ஆறே மாதத்தில் காய்க்கத் தொடங்கும் பி.கே.எம்.1 செடிமுருங்கை அவ்வூரில் உருவானதே.

திருச்சியில் மகளிர்க்கெனத் தனியே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. காவிரிக்கரை வாழையும், அங்குள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் அவ்வூரின் சிறப்புகள். களர் நிலத்தில் பயிர் வளர்க்கும் அருமையையும் அப்பகுதி கற்பிக்கும்.

கையும் கத்தியும்

மாவில் ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியின் கேம்பியமும் ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் ஒட்டு காய்ந்துவிடும். இதைப் புத்தகத்தில் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். கைக்கு வருவதற்கோ பல செடிகளைப் பழுதாக்கியாக வேண்டும். ஆகவே சேருமுன் ஒருநாள் நேரில் சென்று, மூத்த மாணவரிடம் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும்.

1. நீங்கள் தனியாக எத்தனை ஒட்டுகள் கட்டினீர்கள்?
2. உங்கள் பொறுப்பில் ஒரு பாத்தியேனும் உண்டா?
3. கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் சுற்றிநின்று பார்ப்பது மட்டுமே செய்முறை என்றால், அக்கல்லூரியை மீண்டும் எண்ணிப் பார்ப்பது நலம்.

பட்டத்தின் மதிப்பு

இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். கிராமத்தில் தங்கி உழவரோடு பணிபுரியும் பயிற்சியும் அதில் அடங்கும். தனியார் கல்லூரியாயின், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டறிய வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, பின்னர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லாத பட்டத்தால் பயனில்லை.

நம் போன்ற தாவரவியல் மாணவர்க்கும் ஒரு சொல். பி.எஸ்ஸி. முடித்தபின் தோட்டக்கலை முதுகலைக்கு மாறிக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அதற்குப் பொதுவாகத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை இளங்கலைப் பட்டத்தையே கேட்கின்றனர். ஆதலின் இத்துறையை விரும்புவோர் பள்ளி முடித்தவுடனே முடிவு செய்தல் வேண்டும்.

விதையைத் தேர்ந்த பின்பே விதைக்கிறோம். நான்காண்டு வாழ்வை ஊன்றும் இடத்தையும் நேரில் கண்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்போமாக!