சர்வேசுரனுடைய உபகாரங்களை எண்ணுவது எப்படி?



வாசலில் நட்சத்திரம் கட்டியாயிற்று. தியாகராய நகர்க் கடைத்தெருவில் பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்தாயிற்று. பலகாரத்துக்கு இவ்வளவு, தர்மத்துக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு செலவுக் கணக்கும் எழுதுகிறோம். ஆனால் சர்வேசுரனிடமிருந்து இந்த வருஷம் பெற்றுக்கொண்ட உபகாரங்களின் வரவுக் கணக்கை எத்தனை பேர் எழுதுகிறோம்? குணமான தொழுநோயாளர் பத்துப்பேரில் திரும்பி வந்தவன் ஒருவனே (லூக். 17).

எண்ணத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நன்றி சொல்வதிலும் பாவத்துக்கு இடமுண்டு. தேவாலயத்தில் நின்ற பரிசேயனும் நன்றியோடுதான் ஜெபத்தைத் தொடங்கினான் (லூக். 18). ஆனால் அவன் கண் சர்வேசுரன்மேல் இல்லை. பின்னால் நின்ற ஆயக்காரன்மேல் இருந்தது. அவனைவிடத் தான் எவ்வளவு மேல் என்று அளந்ததையே அவன் நன்றி என்று எண்ணிக்கொண்டான்.

நாமும் அப்படி அளப்பதுண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று காலையில் கடல் பொங்கிப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். தப்பியவர்கள், “நம்மை ஆண்டவர் காப்பாற்றினார்” என்று தோத்திரம் சொன்னார்கள். அது நியாயமே. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாளே, பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவள் என்ன நினைத்திருப்பாள்? அவள் பிள்ளைமேல் ஆண்டவருக்கு அன்பில்லையா?

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வருஷக் கடைசி இரவு நன்றி வழிபாடு முடிந்ததும் அப்படிப்பட்ட தாய் ஒருத்தி என்னிடம் வந்தாள். “கொடுத்ததை எண்ணுங்கன்னு பிரசங்கத்துல சொன்னீங்க சாமி. எனக்கு எடுத்ததுதான் ஞாபகம் வருது. நான் எதை எண்ணுறது?” என்று கேட்டாள். குருமடத்தில் படித்த பாடம் எதுவும் அப்போது என் நாவுக்கு வரவில்லை. பேசாமல் அவளோடு குடிலின் முன் முழந்தாளிட்டேன். வெகு நேரம் கழித்து அவளே சொன்னாள்: “ஆறு வருஷம் எங்கிட்ட இருந்தான் சாமி. அந்த ஆறு வருஷத்தை எண்ணிக்கிறேன்.” அவள் அழுகை நிற்கவில்லை. ஆனாலும் அதைவிட மெய்யான நன்றியை நான் இதுவரை கேட்டதில்லை.

அவள் தன்னை யாரோடும் ஒப்பிடவில்லை. கிடைத்ததைக் கொடை என்று அறிந்தாள், கொடுத்தவரைப் பார்த்தாள். இதுவே கிறிஸ்தவ நன்றியறிதல். துன்பத்துக்காக நன்றி சொல்லும்படி அர்ச். சின்னப்பர் நமக்குப் போதிக்கவில்லை. துன்பத்திலும் நன்றி மறவாதிருக்கவே போதித்தார். பெத்லகேமில் சத்திரத்திலும் இடம் கிடைக்காத தேவமாதாவிடம் என்ன இருந்தது? ஒரு தீவனத் தொட்டி, பிள்ளையைச் சுற்றச் சில துணிகள், அந்தப் பாலன். பாலனே போதுமானவராக இருந்தார். நம் வரவுக் கணக்கிலும் முதல் வரி அவரே. கடலும் சாவும் அந்த வரியை அழிக்க முடியாது.

நன்றி வாயோடு நின்றுவிடவும் கூடாது. நம் மயிலாப்பூரின் பிரகாச மாதா கோவிலைப் பாருங்கள். நடுக்கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசியர் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றிக் கரை சேர்ந்தார்கள் என்றும், அந்த ஒளி மறைந்த இடத்தில் நன்றியாக இக்கோவிலைக் கட்டினார்கள் என்றும் பாரம்பரியம் சொல்லும். கோவிலின் கல்வெட்டு 1516 என்று ஆண்டைக் குறிக்கிறது. லஸ் என்றால் அவர்கள் மொழியில் ஒளி. தினந்தோறும் லஸ் முனையில் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு நன்றிக் காணிக்கையின் பெயரைத்தான் சொல்லுகிறார்கள்.

கோவில் கட்ட நம்மால் ஆகாது என்பீர்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது, படகுகளோடு வந்து ஜனங்களை மீட்டவர்களில் நம் கடற்கரை மீனவர்களும் இருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற குப்பங்களும் அந்தக் கடற்கரையில்தான் இருக்கின்றன. பெற்ற உயிரைப் பிறர் உயிருக்காகச் செலவிடுவதைவிடப் பெரிய தோத்திரம் வேறு ஏது?

இந்த வாரப் பயிற்சி:

1. அர்ச். இஞ்ஞாசியார் கற்பித்த ஆத்தும சோதனையின் முதற்படி பாவங்களை எண்ணுவதல்ல, பெற்ற உபகாரங்களுக்கு நன்றி சொல்லுவதே. இரவு ஜெபமாலைக்குப்பின் வீட்டில் ஒவ்வொருவரும் அன்று பெற்ற ஓர் உபகாரத்தைச் சொல்லட்டும். சிறு பிள்ளைகள் முதலில் சொல்லட்டும்.

2. இந்த வருஷம் சாவு நேர்ந்த வீட்டுக்குத் திருநாளுக்கு முன் குடும்பமாகப் போய்வாருங்கள். ஆறுதல் வார்த்தை தோன்றாவிட்டால் சற்று நேரம் கூட உட்கார்ந்திருங்கள், அதுவே போதும்.

3. திவ்விய நற்கருணைக்கு ஆதிக் கிறிஸ்தவர்கள் கிரேக்க மொழியில் இட்ட பெயருக்கு ‘நன்றி செலுத்துதல்’ என்பதே பொருள். திருநாள் பூசையில் நற்கருணை வாங்கியபின், அவசரப்பட்டு எழாமல் ஐந்து நிமிஷம் பாலன் சேசுவோடு தங்கியிருங்கள்.

பாலன் சேசுவின் ஆசீர்வாதம் உங்கள் இல்லங்களில், விசேஷமாய் ஓர் இருக்கை வெறுமையாய் இருக்கும் இல்லங்களில், தங்குவதாக.

உங்கள் பங்குச் சுவாமி