காக்ளியர் இம்ப்ளான்ட்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

காது கேட்காத குழந்தையின் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் குழந்தை கேட்டுப் பழகிப் பேசுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். நம் உள்காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் செய்கிற வேலையை, கருவியின் 12 முதல் 22 மின்முனைகள் செய்தாக வேண்டும். அவை அனுப்பும் குறைந்த தகவலை வைத்துக்கொண்டு பேச்சைப் பிரித்தறிய மூளைதான் பழக வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் இலவசம். ஆபரேஷனுக்குப் பிந்தைய உழைப்பு வீட்டாருடையது.

செய்ய வேண்டியவை

- பிறந்த ஒரு மாதத்துக்குள் உள்காதைச் சோதிக்கும் ஓஏஇ பரிசோதனை. அதில் தேறாவிட்டால் 3 மாதத்துக்குள் கேள்வி நரம்பைச் சோதிக்கும் பெரா. குறை உறுதியானால் 6 மாதத்துக்குள் காதுக்கு ஹியரிங் எய்ட். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிறந்ததும் ஐசியூவில் பல நாள் இருந்த குழந்தைக்கும், கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கும் ஓஏஇ சரியாக வந்தாலும் பெரா எடுங்கள். நரம்பில் இருக்கும் கோளாறு ஓஏஇயில் தெரியாது.

- மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காது கேட்காமல் போனால் உடனே ஓடுங்கள். உள்காதின் நத்தைக்கூடு எலும்பாக இறுகத் தொடங்கினால் மின்முனைகளை உள்ளே செலுத்துவது கடினமாகிவிடும். இங்கே வாரங்கள்கூட முக்கியம்.

- ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் எம்ஆர்ஐ முடிவு வந்ததும் 'கேள்வி நரம்பு இருக்கிறதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். நரம்பே இல்லையென்றால் இந்தக் கருவியால் பயனில்லை. மூளைத்தண்டில் பொருத்தும் வேறு கருவியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

- ஆபரேஷனுக்குப் பிறகு, விழித்திருக்கும் நேரமெல்லாம் வெளியே மாட்டும் மெஷின் காதில் இருக்கட்டும். 'நாள் முழுக்கப் போடுகிறான்' என்று ஆடியாலஜிஸ்டிடம் சொல்லிச் சமாளிக்க முடியாது. பல கருவிகள் ஓடிய நேரத்தைத் தாமே பதிந்துவைக்கின்றன. கருவியைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்யும் மேப்பிங்குக்குப் போனால் கணினித் திரையில் அது வந்துவிடும்.

- தினமும் காலையில் மெஷினை மாட்டியதும், முகம் தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சுக்கு வேண்டியதெல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கும். நேற்று 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரி, கேபிள், மைக் மூடி இவற்றைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் தாமதிக்காமல் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

- வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறோம் என்று ஆப்பிள், பால் (ball) என ஒற்றைச் சொற்களைத் திணிக்கும் அம்மாக்கள் அநேகம். 'தோசை வேகுது, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு' என்று இயல்பாகப் பேசும் பாட்டியிடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அதிகம்.

- கேபிளும் தலையில் ஒட்டும் காயிலும் பேட்டரியும் தேய்ந்துபோகும். மாதம் ஒரு தொகை எடுத்து வையுங்கள். வாரண்டி முடியும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

- 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்காதீர்கள். ஒலியை ஏற்கும் மூளையின் நெகிழ்வு முதல் மூன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போகும்.

- கருவியை முதன்முதலில் இயக்கும் ஸ்விட்ச் ஆன் நாளில் குழந்தை சிரிக்கும் என்று கேமராவோடு போகாதீர்கள். யூடியூபில் வருகிற சிரிப்பெல்லாம் பொறுக்கியெடுத்தவை. பல குழந்தைகள் அழும், சில திகைத்து நிற்கும். பெரியவர்களுக்கே முதலில் கீச்சென்றோ ரோபோ பேசுவது போலவோ கேட்கும்.

- பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 3 வயதில் ஸ்விட்ச் ஆன் ஆன குழந்தையின் கேட்கும் வயது அன்றுதான் தொடங்குகிறது. 4 வயதில் அது ஒரு வயதுக் குழந்தையைப் போலப் பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

- எண்ணெய் வழியும் தலையில் காயிலை ஒட்டாதீர்கள். வியர்வையில் நனைந்த மெஷினை வெயிலில் காயவைக்காதீர்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தால் போதும்.

- இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லாமல் எம்ஆர்ஐ அறைக்கோ வேறு எந்த ஆபரேஷனுக்கோ போகாதீர்கள். உள்ளே காந்தம் இருக்கிறது.

- சைகை செய்யும் குழந்தையின் கையைத் தட்டிவிடாதீர்கள். கருவியால் எதிர்பார்த்த பலன் கிடைக்காத குழந்தைகளும் உண்டு. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மெஷினைக் கழற்றிவிட்டால் இம்ப்ளான்ட் வைத்த பெரும்பாலோருக்குக் கேட்காது. அப்போது சைகைதான் கைகொடுக்கும்.

- பேச்சு வந்தபின் காது கேட்காமல் போன பெரியவர்களிடம் 'வயசாயிடுச்சு, இனி எதுக்கு' என்று சொல்லாதீர்கள். பேச்சின் ஒலி நினைவில் இருப்பதால் அவர்கள் சீக்கிரம் தேறுவார்கள். பிறவியிலேயே கேட்காமல் வளர்ந்து இருபது வயதில் பொருத்திக்கொள்பவர் நிலை வேறு: ஹாரன் கேட்கும், கூப்பிட்டால் திரும்புவார், வார்த்தை பிடிபடுவது அரிது. இதை ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் சொல்லாமல் மறைப்பது அநியாயம். நன்றாகக் கேட்பவர்களுக்கும் கல்யாண மண்டப இரைச்சலும் பாட்டும் கடைசிவரை சிரமம்தான்.

- ஆபரேஷனால் மிஞ்சியிருந்த கேள்வி போய்விடலாம், நாக்கில் சுவை மாறலாம், தலைசுற்றலாம். பெரும்பாலும் சுவையும் தலைசுற்றலும் சரியாகிவிடும். முகநரம்பு பாதிப்பது அபூர்வம். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

- பழுதான மெஷினைப் பீரோவில் வைத்துவிட்டு 'அவ்வளவுதான்' என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே வைத்த பகுதி பல பத்தாண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்டது. பெரும்பாலும் கெடுவது வெளியே மாட்டும் கருவி. அதைப் பழுதுபார்க்கலாம், மாற்றலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு இந்த வாரமே ஒரு நடை போய்க் கேளுங்கள்.