காசு கேக்கிறதுக்கு முன்னாடி புத்தியைக் கேளு

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு என்ன கேக்கிற தங்கச்சி? மக்காச்சோளம் விலை ஏறணும், கடன் அடையணும். கேளு, தப்பில்ல. ஆனா ‘என்ன வேணும்’னு ஆண்டவர் கேட்டப்ப சாலமோன் கேட்டது நல்லது கெட்டது பிரிச்சுப் பார்க்கிற புத்தியை. கேக்காத செல்வம் பின்னாடியே வந்துச்சு. நாம வரிசையை மாத்திக் கேட்டுட்டு மாதாவைக் குறை சொல்றோம்.

1. ஜாமீன் கையெழுத்துப் போடாதே. மச்சான் முகத்துக்காக, கொழுந்தன் முகத்துக்காகன்னு போட்டுட்டு அப்புறம் அழாதே. வாங்கினவர் கட்டலைன்னா சட்டப்படி அந்தக் கடன் உன் தலையிலதான். நீதிமொழிகள் 6-ம் அதிகாரமே, மாட்டிக்கிட்டா தூங்காம போய் விடுவிச்சுக்கோன்னு விரட்டுது. மறுக்கக் கூச்சமா? உன்னால முடிஞ்ச சின்னத் தொகையைத் திரும்ப எதிர்பார்க்காம கொடுத்துட்டு எழுந்திரு.

2. மலிவுன்னா ரெண்டு தடவை பாரு. இந்தக் கோயிலைக் கட்டின வீரமாமுனிவர்தான் பரமார்த்த குரு கதையும் எழுதினவர். குதிரை வாங்கக் காசு பத்தலைன்னு சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு வாங்கிட்டு வந்தாங்களே, படிச்சுச் சிரிச்சோம். இன்னைக்கு ‘ஆறு மாசத்துல டபுள்’னு ஒருத்தன் வந்தா அதே முட்டையை வாங்குறோம். சீட்டுல சேரும் முன்னாடி, அது 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதான்னு கேளு. பதில் மழுப்பலா வந்தா கிளம்பிடு. காணிக்கை போட்டா நூறு மடங்கா வரும்னு சொல்றவங்களையும் இதே லிஸ்ட்ல சேர்த்துக்கோ. கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லி எந்தச் சாமியும் கேக்கல.

3. விளைஞ்ச வருஷத்துலயே எடுத்து வை. எகிப்துல யோசேப்பு, செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கைச் சேர்த்தார். 2018-ல படைப்புழு நம்ம மக்காச்சோளத்தை என்ன பாடு படுத்துச்சுன்னு மறந்துட்டியா? காசு கைக்கு வந்ததும் விதைக்கும் உரத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் தனிக் கவர் போடு, நகைக்கடை அப்புறம். காப்பீட்டுத் தொகைல காரீப் மக்காச்சோளத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம், பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் 5 சதவீதம்தான் நீ கட்டணும். கடைசி நாள் வரைக்கும் இழுக்காதே. அன்னைக்குத்தான் அடங்கலுக்கும் கூட்டம், சர்வரும் மக்கர் பண்ணும்.

4. வெங்காயம் மொத்தத்தையும் பட்டறையில போட்டுட்டு விலைக்காகத் தவம் கிடக்காதே. காத்தோட்டமா எவ்வளவு நல்லாப் பட்டறை போட்டாலும் காய் சுருங்கும், எடை குறையும், ஒரு மழை ஈரம் உள்ள போச்சுன்னா அழுகல் பக்கத்துக் காய்க்கும் தொத்தும். பாதியை வித்து வட்டிக் கடனை முடி, மீதியை வச்சு விளையாடு. பெரிய களஞ்சியம் கட்டத் திட்டம் போட்ட அன்னைக்கு ராத்திரியே உயிர் போன பணக்காரன் கதையை இயேசு சொன்னது சேமிக்கிறவங்களைத் திட்ட இல்ல, எல்லாம் நம்ம கையிலன்னு நினைக்கிறவங்களுக்காக.

5. களை எடுத்தவங்க கூலியைப் பொழுது சாயுறதுக்குள்ள கொடு. ‘சந்தை முடிஞ்சு தர்றேன்’ வேணாம். வேதத்துலயும் அப்படித்தான் இருக்கு, ஊர்க் கணக்கும் அதுதான். பருத்தி வெடிச்சு நிக்கிறப்ப ஆள் கிடைக்காம எல்லாரும் அலைவாங்க, உன் கொல்லைக்கு மட்டும் கூப்பிடாமலே வருவாங்க.