நுரையீரலும் நம் மூலிகைகளும்

ஏலகிரி மலையடிவாரத்திலும், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் வட்டாரங்களிலும் தறி, தோல், நிலம் ஆகிய மூன்றும் பல குடும்பங்களைக் காத்து வருகின்றன. இம்மூன்றிற்கும் பொதுவான பகை, நுரையீரலுக்கு நேரும் கேடாகும். நூற்பாலையில் பஞ்சுத் தூசு, தோற்பதனிடும் சாலையில் பஃபிங் தூசும் நச்சு வாயுவும், வயலிலே களைக்கொல்லி. இவற்றிற்கு நம் மூலிகைகள் எம்மட்டும் துணை செய்யும் என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

முதலாவது, ஆடாதோடை. ஆடு தொடாத இலையாதலால் வேலிக்கு உகந்தது. இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளைத் தழுவியே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து 1960-களில் தோன்றிற்று. எனவே இருமலுக்கு இதனைக் கொடுத்த நம் முன்னோர் வழக்கம் பொருளற்றதன்று. ஆயினும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டாகையால், கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது.

இரண்டாவது, மஞ்சள். சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்களே இதனை ஆராய்ந்துள்ளனர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து நுரையீரலைப் புண்படுத்தித் தழும்பேற்ற வல்லது. மஞ்சளிலுள்ள குர்க்குமினைச் சேர்த்துக் கொடுத்த எலிகளில் அக்கேடு குறைந்தது என 1997-லும் 2000-லும் அவர்கள் வெளியிட்டனர்.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலியின் எடையில் ஒரு கிலோவிற்கு 300 மில்லிகிராம் குர்க்குமின் கொடுக்கப்பட்டது. மனிதருக்கு உரியவாறு ஆறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 2½ கிராம் வேண்டும். மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கே உண்டு; ஆகவே தினமும் 80 கிராம் மஞ்சள் தின்ன வேண்டிவரும். தின்றாலும் இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிதே. எலியிடம் கண்ட பயனை, குழம்பில் இடும் மஞ்சளில் எதிர்பார்த்தல் கூடாது.

ஆதலின் மூலிகை துணையேயன்றிக் கவசமன்று. பாராகுவாட் களைக்கொல்லி வயிற்றினுள் சென்றால் நுரையீரல் அழியும். அதற்கு முறிமருந்து இல்லை. ஆகையால், சிறிதளவே உட்சென்றாலும் கஷாயம் காய்ச்சிக் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தோற்சாலைக் கழிவுத் தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் உயிர் போக்கும். விழுந்தவரைத் தூக்க எவரும் வெறுமனே உள்ளே இறங்கலாகாது. பஞ்சாலையில் பணிபுரிவோர், வார விடுமுறைக்குப் பின் வேலைக்குச் சென்ற முதல் நாளில் மார்பு இறுகக் கண்டால், அதனைப் பஞ்சுத் தூசு நோயின் முன்னறிவிப்பாகக் கொண்டு மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

தூசு எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்றும் விசிறியும், தக்க முகக்கவசமும் தனி ஒருவருக்குச் செலவாகத் தோன்றலாம். சங்கமாய்ச் சேர்ந்து வாங்கினால் அச்சுமை இலேசாகும். வேலியில் ஆடாதோடை வளரட்டும். அதனோடு வேலையிடத்தில் காற்றும் தூய்மை பெறட்டும்.