உணவு செரிக்கும் முறை

உண்ட சோறு குருதியாகவும் தசையாகவும் மாறுதல் வியப்பிற்குரிய செயலாகும். அது வயிற்றினுள் மறைவாக நிகழ்தலின், நெடுங்காலம் அதனை எவரும் தெளிவாக அறிந்திலர். ஏழைத் தொழிலாளி ஒருவனுக்கு நேர்ந்த இடரே அம்மறைவை நீக்கிற்று.

1822 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் நாள், அமெரிக்க நாட்டில் ஹூரன் ஏரியிலுள்ள மேக்கினாத் தீவில், தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனின் இடப்பக்க விலாவின்கீழ்ப் பெரும்புண் உண்டாயிற்று. வில்லியம் போமான்ட் என்னும் படைமருத்துவர் அரிதின் முயன்று அவனைப் பிழைப்பித்தார். புண் ஆறியும் இரைப்பையிற் பட்ட துளை மூடவில்லை. 1825 ஆம் ஆண்டு முதல் போமான்ட் அத்துளை வழியே, பட்டுநூலிற் கட்டிய இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு முதலியவற்றை உள்ளிறக்கி, இடையிடையே எடுத்து நோக்கினார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதனுள்ளும் இறைச்சியை இட்டார், அதுவும் கரைந்தது. உணவைக் கரைக்கும் ஆற்றல் அந்நீருக்கு உண்டு என்பது இதனால் விளங்கிற்று. தாம் கண்டவற்றை 1833 இல் நூலாக வெளியிட்டார். வறுமையின் பொருட்டு இச்சோதனைகளைப் பொறுத்த மார்ட்டினுக்கும் உலகம் கடப்பாடுடையது.

செரித்தல் வாயிலேயே தொடங்குகிறது. பற்கள் உணவை அரைக்க, உமிழ்நீர் அதிலுள்ள மாப்பொருளைச் சிதைக்கத் தொடங்கும். பின்பு உணவு, உணவுக்குழல் வழியே இரைப்பையை அடைகிறது. ஆண்டுள்ள அமிலமும் நொதியும் புரதத்தைச் சிதைக்கின்றன. கூழான உணவு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குச் செல்கிறது. அங்கே கல்லீரல் தரும் பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாக்க, கணையநீர் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிதைக்கிறது. குடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் சத்தினை ஈர்த்துக்கொள்கின்றன. எஞ்சிய சக்கையிலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சியபின், மலம் வெளியேறுகிறது.

சிறிதாக அரைபட்ட உணவு விரைந்து செரிப்பதையும், அளவு மிகின் செரியாது தங்குவதையும், சினம் செரிமானத்தைக் கெடுப்பதையும் போமான்ட் கண்டறிந்தார். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். வேறு காலத்தில், வேறு நாட்டில், வேறு வழியிற் சென்ற இருவரும் கண்ட உண்மை ஒன்றே.

ஆதலின், கைகளைத் தூய்மை செய்து, பசித்தபின், நன்கு மென்று, அமைதியாக உண்ணுதல் வேண்டும். கீரையும் காயும் கனியும் நார்ப்பொருள் தந்து மலச்சிக்கலைத் தடுக்கும். போதிய நீரும் நாள்தோறும் உடலுழைப்பும் குடலுக்குத் துணையாவன. பள்ளிக்கு விரையும் பரபரப்பில் உணவை அள்ளி விழுங்கும் மாணவன், பற்கள் செய்யவேண்டிய வேலையை இரைப்பையின்மேற் சுமத்துகிறான். இரைப்பைக்குப் பற்கள் இல்லை என்பதனை அவன் மறவாதிருத்தல் நலம்.