எழுத்தும் வாய்பாடும்
(கணிப்பொறியில் தமிழ்ச் சொற்களைத் தேடும் முறை பற்றிய ஓர் அறிமுகம்)

சொல்லடைவு ஒன்றைக் கையால் தொகுத்தவர்கள் அதன் உழைப்பை நன்கு அறிவர். இக்கட்டுரையாளர் தம் எம்.ஃபில். ஆய்வுக்காக ஒரு நூலின் சொற்களை அட்டைகளில் எழுதி, காலணிப் பெட்டிகளில் அகரவரிசைப்படி அடுக்கியவர். ஒரு சொல் எத்தனை இடங்களில் பயின்று வருகின்றது என்று கூற வேண்டுமாயின் அப்பெட்டிகளுள் ஒன்றைக் கவிழ்த்தாக வேண்டும். இன்றைய மாணவர் முழு நூலையும் கணிப்பொறியில் ஏற்றிவிட்டு, வேண்டிய சொல்லைத் தட்டிய நொடியில் விடையைப் பெறுகின்றார். ஆனால் அவ்விடை சரியானதுதானா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஆய்வு மாணவர் ஒருவர் ஒருநாள் வந்து, "ஐயா, 'கல்' என்று தேடினேன். கல்வியும் கல்லூரியும் பகலும் நகலும் வருகின்றன. ஆனால் 'கற்கள்' மட்டும் வரவில்லை" என்றார். வேண்டாதன வந்தன, வேண்டியது வரவில்லை. கணிப்பொறியின்மீது பிழை இல்லை. 'கல்' என்னும் பொருள் அதற்குத் தெரியாது. ககரம், லகரம், புள்ளி ஆகிய மூன்றும் இவ்வரிசையில் எங்கெங்கு உள்ளனவோ அவற்றை மட்டுமே அது காட்டும். சொல்லைத் தருவதற்கு மாறாகச் சொல்லின் வடிவத்தை அதற்கு விளக்கிச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதனைக் கணிப்பொறியியலார் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்றும், சுருக்கமாக 'ரீஜெக்ஸ்' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் அதனை 'வாய்பாடு' என்றே சுட்டுவோம். யாப்பிலக்கணத்தில் 'தேமா', 'புளிமா' என்பன மரங்களைக் குறித்து நில்லாமல், தம் ஓசை வடிவுடைய எல்லாச் சீர்களுக்கும் பொதுவாய் நிற்கின்றன அல்லவா? இதுவும் அத்தகையதே.

வாய்பாட்டின் வரலாறு

இதன் தோற்றம் கணிப்பொறிக் கூடத்தில் நிகழ்ந்ததன்று. 1943இல் மெக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் மூளையின் நரம்பணுக்கள் செயற்படும் முறையைக் கணித வடிவில் விளக்க முயன்றனர். அதனை ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீவன் கிளேனி, 1951இல் எழுதிய அறிக்கையில் இவ்வாய்பாடுகளை முதன்முதலாக வகுத்தார். அது 1956இல் நூலில் இடம்பெற்றது. 'எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம்' என்பதைக் குறிக்கும் உடுக்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பெல் ஆய்வகத்தைச் சார்ந்த கென் தாம்சன், இவற்றைக் கொண்டு உரையில் தேடும் வழியை 1968இல் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸ் உலகில் புகழ்பெற்ற 'கிரெப்' என்னும் தேடுகருவியும் அவர் ஆக்கியதே. 'முழுவதும்', 'வாய்பாடு', 'அச்சிடு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று. 1987இல் லாரி வால் வெளியிட்ட 'பெர்ல்' மொழி இவ்வாய்பாடுகளைப் பெரிதும் வளர்த்தது. அவர் மொழியியல் பயின்றவர் என்பது நம் துறை மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அடிப்படைக் குறிகள்

வாய்பாட்டில் பெரும்பாலான எழுத்துகள் தம்மையே குறிக்கும். சில குறிகளுக்கு மட்டும் தனிப்பொருள் உண்டு. புள்ளி (.) எனில் ஏதேனும் ஒன்று. உடுக்குறி (*) எனில் தனக்கு முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம். வினாக்குறி (?) எனில் முன்னுள்ளது ஒருமுறை வரலாம், வராமலும் இருக்கலாம். பகர அடைப்புக்குள் சில எழுத்துகளை இட்டால் அவற்றுள் யாதேனும் ஒன்று. நிமிர்ந்த கோடு (|) எனில் 'அல்லது'. தொடக்கத்திற்கு இவை போதும். எல்லாக் குறிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு பின்னர்ப் பயன்படுத்தலாம் என்று எண்ணுபவர் ஒருபோதும் பயன்படுத்தார்.

ஒரு பயன் காண்போம். சுட்டு, வினாச் சொற்களின் பின் வல்லினம் மிகும் என்பது மாணவர் அறிந்ததே. எனினும் 'அந்த பையன்', 'இந்த கதை' என்று எழுதுவது குறைந்தபாடில்லை.

(அந்த|இந்த|எந்த) [கசதப]

என்னும் இச்சிறு வாய்பாடு, நூறு பக்க ஆய்வேட்டிலும் ஒற்று விடுபட்ட அத்தகைய இடங்களை ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டும். நடுவில் உள்ள இடைவெளியும் வாய்பாட்டின் உறுப்பே. 'அந்தப் பையன்' என ஒற்று இட்டிருந்தால் தகரத்தை அடுத்து இடைவெளி வாராது. ஆகவே வாய்பாட்டிற்குள் அது அகப்படாது. 'வந்த பையன்' என்பதில் வலி மிகாது. அதனையும் இவ்வாய்பாடு தீண்டாது. உயிரெழுத்தாகிய அகரம் 'வந்த' என்பதனுள் இல்லை என்பதே காரணம்.

கணிப்பொறி காணும் எழுத்து

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் கூறும். கணிப்பொறியோ ஐந்து என்னும். இன்று எங்கும் வழங்கும் ஒருங்குறி முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து அலகுகளாகவே அச்சொல் சேமிக்கப்படுகின்றது. ஆதலின் 'மூன்றெழுத்துச் சொல்' வேண்டி மூன்று புள்ளிகளை இட்டால் நமக்குக் கிடைப்பது மூன்றெழுத்துச் சொல் அன்று.

நம் இலக்கணத்தில் மெய் அடிப்படை. அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியில் அகரம் ஏறிய உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளி ஏறி மெய் பிறக்கின்றது! இது இலக்கணத்தைத் தலைகீழாக நிறுத்துவது போன்றது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லையே என்ற குறை தமிழறிஞரிடையே நெடுநாள் இருந்தது. அதனால்தான் 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' என்னும் முறையையும் ஏற்றது. எனினும் நம் கைபேசி முதல் இணையம் வரை வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. அதனைக் குறைகூறிக் கொண்டிராமல் அதன் இயல்பறிந்து பயன்கொள்வதே செய்யத்தக்கது.

இயல்பறிந்தால் நன்மையும் உண்டு. 'நூல்' என்று தேடினால் நூலை, நூலின், நூலகம் ஆகியன வாரா. உயிர் வந்து ஏறியதும் புள்ளி நீங்கிவிடுகின்றது. புள்ளியை விடுத்து 'நூல' என்று தேடினால் நூல், நூலை, நூலின், நூலகம் யாவும் வரும். மேலே கண்ட [கசதப] என்பது 'கதை'யின் ககரத்தை மட்டுமின்றிக் 'காடு', 'கிளி', 'குடம்' ஆகியவற்றின் முதலையும் பிடிப்பது இதனாலேயே. மாறாக, அகர உயிர்மெய்யாகிய 'க' மட்டும் வேண்டுமெனில், 'பின்னால் எக்குறியும் வாராத க' என்று வெளிப்படக் கூற வேண்டும். அதற்கு க(?!குறி) என்று எழுதுவர். (இங்குக் 'குறி' என்றது பதினோர் உயிர்க்குறிகளையும் புள்ளியையும். கணிப்பொறியில் அப்பன்னிரண்டையும் பகர அடைப்புக்குள் இட வேண்டும். அச்சில் தனியே நில்லா ஆகலின் இவ்வாறு சுட்டினோம்.)

எனவே தமிழுக்கு வாய்பாடு எழுதப் புகுவோர் முதற்கண் 'எழுத்து' என்பதற்கே ஒரு வாய்பாடு எழுதிக்கொள்ள வேண்டும். அது வருமாறு:

உயிர்|ஃ|மெய்(குறி)?

அஃதாவது, உயிரெழுத்து, அல்லது ஆய்தம், அல்லது மெய்க்குரிய அடிப்படை வடிவமும் அதனை அடுத்து வரின் ஒரு குறியும். ஒரே வரியில் எழுத்ததிகாரத்தின் ஒரு பகுதி அடங்கிவிட்டது!

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கென்றே ஒரு பள்ளம் வெட்டப்பட்டுள்ளது. அடைப்புக்குள் இரண்டு எழுத்துகளை ஒரு சிறுகோட்டால் இணைத்தால் 'இது முதல் அது வரை' என்பது பொருள். ககரம் முதல் னகரம் ஈறாக மெய் பதினெட்டு என்று பயின்ற நாம் [க-ன] என்று எழுதிவிடுவோம். கணிப்பொறியின் வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்தே நிற்கின்றது. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் புகுந்துள்ளது. ஆகவே நம் மெய்களுள் ஒன்பதும், கேளாமலே ஒரு கிரந்த எழுத்தும் கிடைக்கும். பகரம் முதலிய எஞ்சிய ஒன்பதும் போய்விடும். [க-ஹ] என்று எழுதுவதே பாதுகாப்பு.

பைத்தான் மொழி பயிலும் மாணவர்க்கு மற்றோர் எச்சரிக்கை. 'சொல்லெழுத்து' என்பதற்கென அதன் இயல்பான வாய்பாட்டுத் தொகுதியில் ஒரு குறுக்குக்குறி உண்டு. அது தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதனைக் கொண்டு 'தமிழ்' என்பதைப் பிரித்தால் 'தம', 'ழ' என இரண்டு துண்டுகள் வரும். பெர்ல் மொழியில் இக்குறை இல்லை. பைத்தானில் சொற்களை எண்ணுவோர் அக்குறுக்குக்குறியை நம்பாமல், இடைவெளியையும் நிறுத்தற்குறிகளையும் எல்லையாகக் கொண்டு பிரிப்பதே நலம்.

அசை பிரித்தல்

யாப்பு பயின்றோர்க்கு வாய்பாடு எளிதில் வசப்படும் என்பது எம் வகுப்பறை அனுபவம். குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை முறையே கு, நெ, ஒ எனக் கொண்டால், நேரசை என்பது (கு|நெ)ஒ* ஆகும். நிரையசை என்பது கு(கு|நெ)ஒ* ஆகும். ஒற்றின்பின் உடுக்குறி இட்டது 'வாழ்க்கை' போன்ற சொற்களை நோக்கி. 'வாழ்க்' என ஈரொற்று அடுத்து வந்தும் நேரசை ஒன்றே அன்றோ?

இவ்விரண்டையும் 'அல்லது' குறியால் இணைக்கையில் எதனை முன்னர் வைப்பது? நேரசையை முன்வைத்த மாணவர்க்குக் 'கடல்' என்பது 'க', 'டல்' என இரண்டு நேரசைகளாக உடைந்தது. பெர்ல், பைத்தான் போன்ற மொழிகள் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக முயன்று, பொருந்திய முதலாவதையே கொள்ளும். நிரையை முன்வைத்ததும் 'கடல்' ஒரே நிரையசையாயிற்று. குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ இருக்குமாயின் நிரையாக இணைத்த பின்னரே நேர் பார்க்க வேண்டும் என்று நாம் வகுப்பில் வாய்வழியாகச் சொல்வதை இங்கு வரிசையால் சொல்கின்றோம். ஐகாரக் குறுக்கம் முதலியவற்றுக்கு மேலும் விதிகள் வேண்டும். அவற்றை மாணவர் பயிற்சிக்கு விடுகின்றேன்.

ஓர் இரவின் பாடம்

இவ்வளவு கூறும் நான் பிழை செய்ததில்லையோ எனில், செய்தேன். மாணவர் படைப்புகளைத் தொகுத்து இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் ஒன்றினை அச்சுக்கு அனுப்ப வேண்டிய முதல்நாள் இரவு. தட்டச்சு செய்தோர் பலர். சிலர் 'மௌனம்' என ஔகாரக் குறி இட்டிருந்தனர். சிலர் எகரக் குறியும் ளகரமுமாக 'மெளனம்' என அடித்திருந்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு. அகரவரிசைப்படுத்தியபோது ஒரே சொல் இரண்டு இடங்களில் நின்றது. எகரக் குறியை அடுத்து ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுக என ஆணையிட்டேன். மூலப்படியை வேறிடத்தில் எடுத்து வைக்கவும் இல்லை.

கெளரவம், பெளத்தம், மெளனம் யாவும் திருந்தின. உடன் தெளிவு, வெள்ளம், வெள்ளி, வெளி, கெளுத்தி ஆகிய எல்லாம் சிதைந்தன. ஒட்டுவதற்கு எழுத்தின்றி இகரக் குறியும் உகரக் குறியும் பக்கந்தோறும் வெறும் வட்டங்களோடு நின்றன. மாணவர் பலரின் முதற்படைப்பு அக்கோப்பில் இருந்தது. சிலரிடம் வேறு படியும் இல்லை.

பதற்றம் தணிந்த பின்னரே வழி புலப்பட்டது. முதலில் எதிர்த்திசையில் மாற்றினேன்: ஔகாரக் குறி யாவற்றையும் எகரக் குறி, ளகரம் என ஆக்கினேன். தெளிவும் வெள்ளமும் பழைய வடிவை அடைந்தன. முன்னரே சரியாக இருந்த 'மௌனம்' கூட 'மெளனம்' ஆயிற்று. ஆகட்டும் என்று விட்டு, எகரக் குறியை அடுத்து ள(?!குறி) வரும் இடத்தை மட்டும் ஔகாரமாக மாற்றுமாறு எழுதினேன். 'தெளிவு' என்பதில் ளகரத்தின்பின் இகரக் குறி உண்டு; 'வெள்ளம்' என்பதில் புள்ளி உண்டு. ஆகவே அவை தப்பின. 'மெளனம்' என்பதில் ளகரத்தின்பின் எக்குறியும் இல்லை, அது திருந்தியது. ஒரு சிறு அடைப்பு இருநூறு பக்கங்களையும் மீட்டுத் தந்தது.

மறுநாட் காலை மெய்ப்புப் படித்த மாணவி ஒருவர், சிறுகதைப் பகுதியில் 'நேரமாச்சு, கெளம்பு' என்றிருந்த தாயின் பேச்சு 'கௌம்பு' என மாறியிருப்பதைக் காட்டினார். பேச்சுத்தமிழின் 'கெளம்பு', 'வெளக்கு', 'வெளயாட்டு' ஆகியவற்றில் ளகரத்தின்பின் குறி இல்லை; வாய்பாட்டின் கண்ணுக்கு அவையும் 'மெளனம்' போன்றவையே. கதைகள் அனைத்தையும் இருவருமாக அமர்ந்து, வரிவரியாகப் படித்தே திருத்தினோம். கோப்பு நண்பகலில் அச்சகத்திற்குச் சென்றது. அதன் படி ஒன்று இப்போது மூன்று இடங்களில் உள்ளது.