படஅட்டை எங்கிருந்து வந்தது?

கேள்வி: படஅட்டைகளை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த முறையை முதலில் கொண்டுவந்தவர் யார்?
– தோட்ட முன்பள்ளி ஆசிரியை ஒருவர், எல்ல

பதில்: ஒருவர் பெயரோடு முடிகிற கதை இல்லை, டீச்சர். படத்துக்கு முன்பே கை வந்துவிட்டது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கற்பித்த குவின்டிலியன், சிறுபிள்ளைகளுக்குத் தந்தத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுக்கலாம் என்றார். மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் 1658இல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டுஸ்' படங்களோடு அமைந்த பாடநூல். அதன் தொடக்கத்தில் காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. அந்தந்த ஓசைக்குரிய எழுத்து பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தை ஓசையாகப் பிடிக்கவைத்த அருமையான யோசனை. ஆனால், புத்தகத்துப் படத்தைக் கலைத்து அடுக்க முடியாதே! 1834இல் இங்கிலாந்தில் ஃபாவெல் லீ மோர்ட்டிமர் அம்மையார் வாசிப்புப் பாடத்தை அட்டைகளாகவே வெளியிட்டார்.

கையையும் படத்தையும் சேர்த்துவைத்ததில் மரியா மொண்டிசோரிக்கே பெரும்பங்கு என்பேன். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவைத்தார். படம் ஓர் அட்டை, பெயர் இன்னோர் அட்டை. சோடி சேர்ப்பது பிள்ளையின் வேலை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்தார்.

இந்தச் சோடி சேர்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. படமும் எழுத்தும் ஒரே அட்டையில் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும், எழுத்தைப் பார்க்காது. அதனால் இரண்டையும் தனித்தனியாக வெட்டுங்கள். தரையில் நாலைந்து படங்களைப் பரப்பி, பெயரைச் சொல்லவைத்து, முதல் ஓசைக்குரிய எழுத்தை அதன்மேல் பிள்ளையே வைக்கட்டும்.

படத்தையும் உங்கள் தோட்டத்திலிருந்தே எடுங்கள். 'ல'வுக்குக் கடை அட்டையில் லட்டுதான் இருக்கும். உங்கள் பிள்ளைக்குக் குடியிருக்கும் லயம் இருக்கிறதே! 'ப'வுக்கு அம்மா இடுப்பில் கட்டும் படங்கு. 'க'வுக்குக் கவ்வாத்துக் கத்தி. வெறும் கத்தி என்று சொன்னாலும் 'க'தான். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் யோசித்து வரையுங்கள். நீங்கள் 'பா'வை எதிர்பார்ப்பீர்கள். மேலே ரயிலையும் வரைந்திருந்தால் பிள்ளை 'கோச்சி' என்றுவிடும். எந்தப் படமானாலும் முதலில் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் காட்டி, என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுத்தட்டையை வெட்டுங்கள்.